குளக்கரைக் காட்டு நெல்லுக்கும் காவல் வேண்டும்

நாட்டுக்கு இரண்டாவது மரபணு வங்கி அமைக்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. பத்து லட்சம் பயிர் மரபு மாதிரிகளை அது காக்குமாம். தில்லியில் இருக்கும் முதல் வங்கியில் ஏற்கெனவே நாலரை லட்சத்துக்கும் அதிகமான மாதிரிகள் உறைகுளிரில் வைக்கப்பட்டுள்ளன. அத்தனையும் ஒரே ஊரில் இருப்பது ஆபத்து என்பதால் இன்னொரு வங்கி வேண்டியதுதான், அதை வரவேற்கிறோம். ஆனால் அந்த விதைகள் எந்தக் குளக்கரையிலும் ஓடையோரத்திலும் மலைச்சரிவிலும் பொறுக்கப்பட்டனவோ, அந்த இடங்களைக் காப்பாற்றுவது பற்றி அந்த அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. விதையைப் பூட்டி வைத்துவிட்டு அது முளைத்த மண்ணைக் கைவிடுவது பாதுகாப்பு ஆகாது.

நாம் பயிரிடும் ஒவ்வொன்றுக்கும் காட்டில் உறவு உண்டு. நெல்லுக்குக் காட்டு நெல், கரும்புக்கு நாணல், துவரைக்குக் காட்டுத்துவரை, பாசிப்பயறுக்கும் உளுந்துக்கும் நரிப்பயறு. பல்லாயிரம் ஆண்டுகளாக உழவர்கள் பருத்த மணியையும் உதிராத கதிரையும் இனிப்பையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி விதைத்தார்கள். அதனால் பயிர்கள் நமக்கு இணங்கின. அதே வேளையில் வறட்சியையும் பூச்சியையும் நோயையும் தாமே சமாளிக்கும் குணங்கள் பலவற்றை இழந்தன. அந்தக் குணங்கள் காட்டு உறவுகளிடம் இன்னும் இருக்கின்றன. பயிர் விஞ்ஞானிகள் வழி தெரியாமல் நிற்கும்போது தேடிப்போவது அவற்றைத்தான்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டாம். 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, வட இந்தியாவின் மெல்லிய கரும்பு போதிய விளைச்சல் தரவில்லை. வெப்பப் பகுதிகளின் தடித்த கரும்போ வடக்கின் குளிரைத் தாங்கவில்லை. அந்த நிலையத்தின் விஞ்ஞானிகள் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பைக் கோயம்புத்தூர்ப் பக்கத்து நாணலோடு கலந்தார்கள். சாறும் இல்லாத, சதையும் இல்லாத புல் அது. அந்தக் கலப்பில் பிறந்து 1918-ல் வெளியான கோ 205, வட இந்தியக் கரும்புச் சாகுபடியின் போக்கையே மாற்றியது. இன்று உலகெங்கும் ஆலைக்குப் போகும் கரும்பு ரகங்களில் ஏறத்தாழ எல்லாமே நாணலின் மரபுக்கூற்றைச் சுமப்பவை.

நெல்லின் கதை இன்னும் கூர்மையானது. புகையான் பூச்சி பரப்பும் ஒரு குட்டை நோய் 1970களில் ஆசிய நெல்வயல்களைச் சூறையாடியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது. நோயைத் தாங்கியது ஒரே ஒரு மாதிரிதான். அது உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ‘ஒரைசா நிவாரா’ என்னும் காட்டு நெல். அந்த மாதிரியிலும் எல்லாச் செடிகளும் தாங்கவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டுமே தாங்கின. அவற்றிலிருந்து எடுத்த குணத்தை அந்த நிலையத்தின் குர்தேவ் குஷ் குழுவினர் புதிய ரகங்களில் ஏற்றினார்கள். அப்படி 1976-ல் வந்த ஐ.ஆர். 36, பின்னாளில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் பயிரானது.

அந்த விதை வங்கியில் இருந்ததால்தானே கைகொடுத்தது என்று கேட்கலாம். உண்மை. ஆனால் ஒரே மாதிரியில் சில செடிகளுக்கு மட்டும் அந்தக் குணம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சேகரிக்கப் போனவர் அன்றைக்கு நாலடி தள்ளி நின்று கதிர் பறித்திருந்தால் அது கிடைக்காமலே போயிருக்கலாம். ஒரு கைப்பிடி விதையில் ஓர் இனத்தின் முழு வளமும் அடங்காது. வறண்ட ஊரிலும் வெள்ளம் நிற்கும் ஊரிலும் உப்புநிலத்திலும் தனித்தனியே வளரும் கூட்டங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வளம்.

வங்கியால் செய்ய முடியாத வேறு இரண்டும் உண்டு. உறைகுளிரில் இருக்கும் விதை உயிரோடு இருக்கும், மாறாது. வெளியே பூச்சி மாறுகிறது, நோய்க்கிருமி மாறுகிறது, மழை மாறுகிறது. அவற்றோடு ஒவ்வொரு பருவமும் மோதித் தன்னைத் திருத்திக்கொள்வது மண்ணில் நிற்கும் செடி மட்டும்தான். 1960களில் பூட்டிய விதைக்கு 2020களின் வெயில் தெரியாது. அடுத்தது, எல்லா விதைகளும் வங்கிக்கு அடங்குபவை அல்ல. மா, பலா, சாதிக்காய் போன்றவற்றின் விதைகளைக் காயவைத்தால் செத்துப்போகும்; உறைகுளிரிலும் பிழைக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் காட்டு மாவுக்கும் காட்டுச் சாதிக்காய்க்கும் நிற்கும் இடமே வங்கி.

அப்படியானால் வனத்துறை இருக்கிறது, சரணாலயங்கள் இருக்கின்றன, வேறென்ன வேண்டும் என்று ஆட்சியாளர்கள் நினைக்கலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பயிர்களின் காட்டு உறவுகளில் பல, அடர்காட்டில் வாழ்பவை அல்ல. காட்டு நெல்லுக்கு வேண்டியது கோடையில் காய்ந்து மழையில் நிரம்பும் ஆழமில்லாத நீர்நிலை. கதிர் முற்றியதும் மணி தானாக உதிர்ந்து சேற்றில் விழும். வெடித்த தரையில் கோடை முழுவதும் உறங்கும். முதல் மழைக்கு முளைக்கும். நாணலுக்கு ஆற்றங்கரை. நரிப்பயறுக்கு வரப்பும் மேய்ச்சல் நிலமும். இவை எல்லாம் வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்கு அல்லது தரிசு. மத்திய அரசின் நில வளத்துறை வெளியிடும் வரைபடத் தொகுப்பில் புதர்நிலங்களுக்கு இருக்கும் தலைப்பே ‘பாழ்நிலம்’ என்பதுதான். பாழ் என்று எழுதிவிட்ட நிலத்தில் சாலை போடவும் ஆலை கட்டவும் யார் கையும் நடுங்காது. 2023-ல் நிறைவேறிய தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டம், பெரிய தொழில் திட்டங்களின் பரப்புக்குள் நீர்நிலைகளும் ஓடைகளும் அடங்க வழி செய்திருக்கிறது. அந்தக் கரைகளில் என்ன செடி இருக்கிறது என்று கேட்கும் கடமை யாருக்கும் இல்லை.

நல்ல எண்ணத்தில் செய்யும் வேலையும் கெடுதல் செய்யக்கூடும். குளத்தைத் தூர்வாருகிறோம் என்று பொக்லைன் இயந்திரத்தை இறக்கி, கரையோரச் சரிவை எல்லாம் வழித்து, செங்குத்தாகக் குழி தோண்டினால் நீர் கூடும். ஆனால் முழங்கால் அளவு நீர் நிற்கும் ஓரம் போய்விடும். வண்டலில் உறங்கும் விதைகளும் லாரியில் ஏறிப் போய்விடும். மாறாக, வேலி போட்டுப் பூட்டுவதும் எல்லா இடத்துக்கும் மருந்தல்ல. மெக்சிகோவில் 1970களின் இறுதியில் மக்காச்சோளத்தின் பல்லாண்டுக் காட்டு உறவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை முன்னிட்டே சியரா தெ மனந்திலான் மலைப்பகுதி 1987-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அந்தச் செடி வளர்வதோ உழவர்கள் பயிரிட்டுவிட்டு ஆறப்போட்ட வயல்களில். உழவையும் மேய்ச்சலையும் முற்றாக நிறுத்தினால் மரங்கள் மேலெழுந்து, எதற்காகக் காப்பகம் வந்ததோ அந்தச் செடியையே நிழலில் அமுக்கிவிடும். காப்பது என்பது ஆளை விரட்டுவது என்றே பழகிய வனத்துறைகள் கற்க வேண்டிய பாடம் இது.

இந்தியாவுக்கு இந்த அறிவு புதிதல்ல. கோயம்புத்தூரில் கரும்பையும் நாணலையும் ஆராய்ந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், முதுமையில் கேரளத்தின் சைலன்ட் வேலியை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தார். அப்போது மத்திய வேளாண் துறைச் செயலராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன், சைலன்ட் வேலியோடு நீலகிரியின் குந்தா உள்ளிட்ட காடுகளையும் சேர்த்துச் சுமார் 390 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக்கச் சொன்னார். மதிப்புள்ள மரபணுக்கள் அழியாமல் தடுப்பதே அவர் காட்டிய நோக்கம். 1984-ல் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மேகாலயாவின் காரோ மலையில், நோக்ரெக் பகுதியில், காட்டு ஆரஞ்சான ‘சிட்ரஸ் இண்டிகா’வுக்கென்றே ஒரு மரபணுச் சரணாலயம் ஏற்பட்டது. 1993 முதல் தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மாநில வனத்துறைகளும் பெங்களூரின் மரபுவழி மருத்துவ அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து, மூலிகைகளுக்காக 30 சிறு காப்பிடங்களை அமைத்தன. ஒவ்வொன்றும் சுமார் 200 ஹெக்டேர். மூலிகைக்குச் செய்ய முடிந்ததை நெல்லுக்கும் பயறுக்கும் செய்ய முடியாதா? இன்னும் சிறிய இடமும் போதும் என்பதற்கு ஆர்மீனியா சான்று: காட்டுக் கோதுமைக்காகத் தலைநகர் எரவானின் அருகே 1981-ல் அந்நாடு ஒதுக்கிய எரெபுனி காப்பகம் வெறும் 89 ஹெக்டேர்தான்.

சட்டமும் இருக்கிறது. 2001-ல் உருவான தாவர மரபு வளங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா உறுப்பு நாடு. பயிர்களின் காட்டு உறவுகளை அவை வாழும் இடத்திலேயே காப்பதையும், அதற்கு உள்ளூர்ச் சமூகங்களுக்குத் துணை நிற்பதையும் அது வலியுறுத்துகிறது. 2002-ன் பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சி தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று கருவிகளைக் கொடுத்திருக்கிறது. பதிவேடுகள் வந்த விதம்தான் வேடிக்கை. பல ஆண்டுகள் தூங்கிய மாநிலங்கள், 2020 ஜனவரிக்குப் பிறகு மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட நேரும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எச்சரித்ததும் விழித்துக்கொண்டன. இன்று நாடு முழுவதும் இரண்டரை லட்சத்துக்கும் மேல் பதிவேடுகள் இருக்கின்றன. கெடுவுக்காக நிரப்பிய காகிதம் எந்தக் குளத்தில் காட்டு நெல் இருக்கிறது என்று சொல்லாது. அந்தச் சட்டத்தில் 2023-ல் செய்த திருத்தமோ தொழில்துறைக்கு நடைமுறைகளை இலகுவாக்குவதிலும், சிறைத் தண்டனையை அபராதமாக்குவதிலும்தான் முனைப்புக் காட்டியது.

தலம் என்று அறிவித்தால் மட்டும் தப்பிவிடும் என்றும் இல்லை. தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, இரண்டே ஆண்டுகளில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட பரப்புக்குள் வந்தது. 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதற்குக் காரணம் சுற்றுவட்டார மக்கள் திரண்டு எழுந்தது. இடத்தைக் காக்கும் வலிமை, அந்த இடத்தால் பயன்பெறும் ஊராரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மறுப்புகள் சிலவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். களை நெல்லால் அவதிப்படும் உழவரிடம் காட்டு நெல்லைக் காப்பாற்று என்று சொல்லலாமா? வயலுக்குள் களையைப் பொறுத்துக்கொள்ளும்படி யாரும் கேட்கவில்லை. காப்பிடம் வயலிலிருந்து தள்ளியே அமைய வேண்டும். ஏனென்றால் பயிர் நெல்லின் மகரந்தம் தொடர்ந்து கலந்தால் காட்டு நெல் தன் இயல்பை இழந்துவிடும். இருவர் நலனும் இங்கே ஒன்றுதான். மரபணுத் திருத்தத் தொழில்நுட்பம் வந்த பிறகு காட்டுச் செடி எதற்கு என்பது அடுத்த வாதம். எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். நோயை வென்று நிற்கும் செடியைக் கண்ட பிறகே அந்த மரபணுவை ஆய்வகம் தேட முடியும்.

ஆகவே மத்திய, மாநில அரசுகள் செய்ய வேண்டியவற்றைத் தெளிவாகவே சொல்கிறோம். மாநிலப் பல்லுயிர் வாரியமும் வேளாண் பல்கலைக்கழகமும் தில்லி வங்கியை நடத்தும் தேசியத் தாவர மரபு வளப் பணியகமும் சேர்ந்து, பயிர்களின் காட்டு உறவுகள் எந்த ஊரில் எந்த நிலத்தில் இருக்கின்றன என்று வரைபடம் எடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் போய்ப் பார்க்கவும் வேண்டும். முக்கியமான ஒவ்வோர் இனத்துக்கும் வெவ்வேறு தட்பவெப்பத்தில் சில காப்பிடங்களைப் புறம்போக்கிலும் கோயில்காட்டிலும் ஏரிக்கரையிலும் அறிவித்து, ஊராட்சியின் பல்லுயிர்க் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆடுமாடு எப்போது மேயலாம், சீமைக்கருவேலத்தை எப்போது அகற்றலாம் என்பதை ஊராரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். தூர்வாரும் திட்டங்களில் குளத்தின் ஒரு பக்கமாவது ஆழமில்லாத சரிவாக விடப்பட வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதுபவர்கள் புலியையும் யானையையும் தேடுவது போல் இவற்றையும் தேட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே பணம். காப்பிடங்களுக்கு ஆகும் செலவு, இரண்டாவது மரபணு வங்கியின் கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் அது ஒருமுறை கொடுத்து முடிவதல்ல, ஆண்டுதோறும் ஊராட்சியின் பல்லுயிர் நிதிக்குப் போய்ச் சேர வேண்டியது. காட்டு மரபணுவைக் கொண்டு விதை விற்று லாபம் பார்க்கும் நிறுவனங்கள் செலுத்தும் பயன்பங்கும் அந்த நிதிக்குத்தான் வர வேண்டும். வங்கிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு நிலையான பங்கைக் காப்பிடங்களுக்கென்று மத்திய அரசு சட்டத்திலேயே எழுத வேண்டும். அதைச் செய்யாமல் பத்து லட்சம் மாதிரிகள் என்று கணக்குக் காட்டுவது, நாளைய உழவருக்குச் சேர வேண்டியதில் பாதியை இன்றே விட்டுக்கொடுப்பதாகும்.