பாம்பைப் பிடி... ரசீது வாங்கு!

தாத்தா, அப்பா, அப்புறம் நீங்கன்னு மூணு தலைமுறையா ஒரே தொழில். திடீர்னு ஒருநாள், ‘இனி அதைச் செஞ்சா ஜெயில்’னு சட்டம் வந்தா என்ன பண்ணுவீங்க?

செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டார இருளர்களுக்கு இது நிஜமாவே நடந்தது. மண்ணில் இருக்கிற தடத்தைப் பார்த்தே, எந்த வளைக்குள்ள எந்தப் பாம்பு இருக்குன்னு சொல்லிடற கில்லாடிகள் அவங்க. ஆனா, அந்த வித்தைக்கு அப்போ இருந்த ஒரே மார்க்கெட், தோல் வியாபாரம். இவங்களுக்குக் கிடைச்சது சொற்பக் காசு. அந்தத் தோல் வெளிநாட்டில் ஹேண்ட்பேக், ஷூ என்று காஸ்ட்லியாக மாறிவிடும்.

1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில வருடங்களில் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை. பாம்புகளுக்கு நல்ல காலம். பிடிச்சவங்க அடுப்பு?

இங்கேதான் ராமுலஸ் விட்டேகர் வர்றார். சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர். ‘தோலுக்குத்தானே தடை? விஷத்துக்கு மருந்துக் கம்பெனிகள் காசு கொடுக்குமே!’ என்று யோசித்தார். இருளர்களோடு சேர்ந்து 1978-ல் ‘இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம்’ உருவானது. மாமல்லபுரம் போற வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கு.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்... இந்த நாலும்தான் சரக்கு. பிடித்து வந்த பாம்பை மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பாங்க. சில வாரங்களில் நாலு தடவை விஷம் எடுப்பாங்க. வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டிலேயே விட்டுடுவாங்க. அதே பாம்பு மறுபடி சிக்கினா அடையாளம் காட்டிக் கொடுத்துடும். முன்னாடி பாம்பு செத்தால்தான் காசு. இப்போ உயிரோடு இருந்தால்தான் காசு!

கவனிச்சீங்களா பாஸ்... யாரும் இவங்களுக்குத் தையல் மெஷின் கொடுத்து ‘தொழிலை மாத்து’ன்னு சொல்லலை. வித்தை அதேதான். மாறியது சரக்கும், வாங்குற ஆளும்தான். ஒரு தொண்டு அமைப்பால் செய்ய முடிகிற பெரிய உதவி இது. தனி ஆளாகப் போனால் எந்த மருந்துக் கம்பெனியும் கேட்டைத் திறக்காது. சங்கமாகப் பதிவு செய்தால் பில் போடலாம். வனவிலங்குச் சட்டத்திலேயே, உயிர்காக்கும் மருந்துக்காக விஷம் எடுக்க அனுமதி தர வழி இருக்கு. அதைத் தேடிப் படித்து, மனு எழுத ஒரு ஆள் வேணும். கூடவே நின்ற படித்தவர்களின் வேலை அதுதான்.

எல்லாம் சுபமா? அதுதான் இல்லை. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை முடிவு செய்வது அரசு. அனுமதி தாமதமானா, கூடவே வருமானமும் நின்னுடும். சட்டபூர்வமான மார்க்கெட்டுக்குள் வந்த பிறகும், சாவி வேற யார் கையிலோதான்.

நஷ்டம் அவங்களுக்கு மட்டுமில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கு. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி வருவது இந்தச் சங்கத்தில் இருந்துதான்.

சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே போனாங்க. 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. சட்டம் வந்த அன்றைக்கு இவர்கள் சமூகத்தை ‘குற்றவாளி’ லிஸ்ட்டில் போட்டுவிட்டு நகர்ந்திருந்தால்?

என்.எஸ்.எஸ்., சோஷியல் வொர்க்னு களத்துக்குப் போற நண்பர்களே... லைசென்ஸ் இல்லாத ஒரு தொழிலைப் பார்த்தா, ‘இது தப்பாச்சே’ என்பதோடு நிறுத்தாதீங்க. ‘இவர் கையில் இருக்கிற வித்தையைச் சட்டப்படி யார் வாங்குவாங்க?’ன்னு கேளுங்க. பதில் கிடைச்சா, மனு எழுத நீங்களே உட்காருங்க!