தாகத்துக்குப் பழகிய உடம்பு உண்டா?

"எந்நேரமும் அசதியா இருக்கு" என்று உப்பளத்து அக்கா ஒருவர் சொன்னால், "வேலைக்குக் கள்ளம்" என்பார்கள். வெயிலைப் பற்றிக் கேட்டால், "அவங்களுக்கு அது பழகிப்போச்சு" என்பார்கள். இரண்டும் சாதி பேசும் பேச்சு.

தீராத அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, காசநோய், மனச்சோர்வு எனக் காரணங்கள் பல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

தூத்துக்குடி உப்பளங்களில் இன்னொன்றும் சேர்கிறது. சுற்றிலும் வெட்டவெளி. கழிப்பறை இல்லாத அளத்தில், ஒதுங்க இடமில்லாமல் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வியர்த்து வெளியேறிய நீர் உடம்புக்குத் திரும்புவதில்லை. முதலில் அசதி, தலைசுற்றல், நீர்க்கடுப்பு. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் சிறுநீரகமே கெடலாம்.

இதற்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் போதாது. கழிப்பறையும் நிழலும் குடிநீரும்தான் மருந்து. அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர் அளத்து முதலாளி. எழுத வைக்க வேண்டியது அரசு.

தோழர்களே, மருத்துவ முகாம் நடத்தினால் ரத்தப் பரிசோதனையோடு நிறுத்தாதீர்கள். "கழிப்பறை எவ்வளவு தூரம்? இன்று எத்தனை முறை தண்ணீர் குடித்தீர்கள்?" என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே நம் கோரிக்கை மனு.

தண்ணீரில்லாமல் இருக்க எந்த உடம்பும் பழகாது.