கிடாரத்துக்கு இடமுண்டு, கம்பளிக்கு இடமில்லை

அறுகம்பேயில் அலைச்சறுக்க வரும் வெளிநாட்டவர்களின் பொதியைக் கவனித்திருக்கிறீர்களா? வெயிற்களிம்பு, அகன்ற விளிம்புத் தொப்பி, கடலில் இறங்கும்போது அணியும் நீண்டகைச் சட்டை. தமக்குப் பழக்கமில்லாத வெயிலுக்கு அஞ்சி, வீட்டிலிருந்தே ஆயத்தமாகி வருகிறார்கள். அதைக் கண்டு நம்மவர்கள் நகைப்பதுண்டு.

நகைக்கும் நாம் நுவரெலியாவுக்குப் புறப்படும் இலட்சணம் என்ன?

பொத்துவிலிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் பெருநாள் முடிந்த கையோடு வான்கள் புறப்படுவதைப் பாருங்கள். முதலில் ஏறுவது கிடாரம். அடுத்து எரிவாயு உருளை, அரிசி, கோழி, பாட்டுப்பெட்டி. இளைஞர்கள் படம் பிடிப்பதற்கென்றே வாங்கிய புதிய ஜக்கெட்டுகளோடு முன்னிருக்கைகளில். பின்னிருக்கையில் மெல்லிய அபாயாவும் இறப்பர் செருப்புமாக வீட்டின் மூத்தம்மா. அவர் மடியில் கையில்லாச் சட்டையணிந்த குழந்தை. யாருக்குக் குளிர் முதலில் உறைக்குமோ அவர்களுக்கு ஒன்றுமில்லை. இதைத்தான் நான் குற்றம் என்கிறேன். அறியாமை என்று மன்னிக்க மனம் வரவில்லை.

கணக்கு மிக எளியது. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, எல்ல என்று வளைந்து ஏறும் பாதையில், ஒரே பகற்பொழுதில் பன்னிரண்டு பாகையை இழந்துவிடுகிறோம். அங்கே ஆண்டுச் சராசரியே சுமார் 16 பாகைதான். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லின்மீது துகள் பனி உறைந்து கிடக்கும் நாட்களும் உண்டு. நம் கரையில் 25 பாகைக்கே போர்வை தேடும் உடம்பு அதை எப்படித் தாங்கும்?

இன்னொரு செய்தியையும் எவரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. நம் நாட்காட்டி பிறையைப் பின்பற்றுவது. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2013இல் நோன்புப் பெருநாள் ஓகஸ்டில் வந்தது, 2017இல் ஜூனில். 2026இல் அது மார்ச்சுக்கு வந்துவிட்டது. 2028இல் பெப்ரவரி இறுதிக்கும், 2030இல் பெப்ரவரித் தொடக்கத்துக்கும் வந்து சேரும். பெருநாட் சுற்றுலா துகள் பனிக் காலத்துக்குள்ளேயே நுழையப்போகிறது. ‘போன தடவை இவ்வளவு குளிரில்லையே’ என்ற பழைய அனுபவம் இனி உதவாது.

ஊருக்கு உபதேசம் செய்யும் எனக்கும் இதில் பங்குண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் உம்மாவை அப்படித்தான் அழைத்துச் சென்றேன். ஹக்கலையைத் தாண்டும்போது தூறல். வாவிக்கரையில் இறங்கி நடந்ததில் சேலை நனைந்தது. விடுதியில் தந்த போர்வையோ ஈரமணம் வீசியது. நள்ளிரவில் உம்மாவுக்கு இழுப்பு வந்தது. நெஞ்சில் புகை மருந்து பிடிக்கும்போது வைத்தியர் ஒரே கேள்விதான் கேட்டார்: “இந்த உடுப்போடா கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?” கமராவுக்கு மாற்று மின்கலம் கொண்டு சென்ற நான், உம்மாவுக்கு ஒரு சோடிக் காலுறை கொண்டு செல்லவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை.

‘காசு வேண்டாமா?’ என்பார்கள். கிடாரத்துக்குள் போகும் இறைச்சியின் விலையில் ஒரு குடும்பத்தின் குளிரைத் தடுத்துவிடலாம். தடித்த ஒரே ஆடையைவிட, மெல்லியவை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே மேல். இடையில் அடைபடும் காற்றுத்தான் சூட்டைக் காக்கிறது. உள்ளே உடம்போடு ஒட்டிய சட்டை, நடுவில் கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத மேலாடை. காதை மூடும் தொப்பி. செருப்பல்ல, சப்பாத்து. ஆளுக்கு மூன்று சோடிக் காலுறை. ஒன்று நனைந்தால் மாற்ற வேண்டும். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் அருமையை நான் அறிவேன். வெக்கைக்கு அதைப்போல் இதமானது வேறில்லை. ஆனால் நனைந்த பருத்தி உடற்சூட்டை உறிஞ்சிவிடும். குளிருக்கு அது ஆகாது. நுவரெலியா நடைபாதைக் கடைகளில் ஜக்கெட் மலிவுதான். ஆனால் நாம் போய்ச் சேர்வது இருட்டிய பிறகு. முதலிரவுக்கு என்ன செய்வது? அயல்வீட்டில் இரவல் கேட்டாவது எடுத்துச் செல்லுங்கள்.

மார்க்கத்தைச் சாட்டாகச் சொல்வோரும் உண்டு. அபாயாவுக்குள்ளே கம்பளி அணிவதை யார் தடுத்தது? குளிர்நீரில் வுழூச் செய்யக் கால் நடுங்குகிறதா? வுழூவுடன் அணிந்த, கணுக்காலை மூடிய தோலுறைமீது தடவிக்கொள்ளப் பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் சலுகை உண்டு. பயணியின் குளிரை மார்க்கமே நினைத்துப் பார்த்திருக்கிறது. நினைக்காதவர்கள் நாம்தான்.

இதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறவாதீர்கள். குளிர் தாங்காமல், கொண்டுபோன எரிவாயு அடுப்பையோ கரிச்சட்டியையோ அறைக்குள் மூட்டி, கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு உறங்காதீர்கள். மூடிய அறையில் காபனோரொட்சைட்டு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

போகும் வழியில் தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடிக்கிறோம். தலையைச் சுற்றிய துணி, சட்டைமேல் பழைய சுவெட்டர், இடுப்பைச் சுற்றிய படங்கு. ‘என்ன கோலம்’ என்று வானுக்குள் சிரிப்பு எழும். தலைமுறை தலைமுறையாக லயன் அறைகளில் அந்தக் குளிரோடு வாழ்ந்தவர்களின் அறிவு அது. நான் மேலே சொன்ன அடுக்குமுறையை அவர்கள் எந்த ஏட்டிலும் படித்துக் கற்கவில்லை. அவர்களிடம் வேறு வழியில்லை, அணிகிறார்கள். நம்மிடம் வழியிருந்தும் மூத்தவர்களை நடுங்க விடுகிறோம். சிரிக்கப்பட வேண்டியவர்கள் யார்?

குடும்பத் தலைவர்களே, பயணநாளையும் வாகனத்தையும் உணவையும் தீர்மானிப்பவர்கள் நீங்கள். அடுத்த தடவை வானின் கதவைச் சாத்துமுன் பின்னிருக்கையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மூத்தம்மாவின் காலில் உறை இருக்கிறதா? குழந்தையின் காது மூடியிருக்கிறதா? இல்லையென்றால் கிடாரத்தை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கம்பளியை ஏற்றுங்கள். நுவரெலியாவிலும் சோறு விற்கிறார்கள்.