வயிற்றுவலி என்றால் பூச்சிதானா?

பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் நம் லயங்களில் முதலில் வரும் பேச்சு, "பூச்சியா இருக்கும்" என்பதுதான். மருந்து கொடுக்கிறோம். இரண்டு நாளில் வலி நிற்கிறது. அடுத்த மாதம் மறுபடியும் அதே வலி, அதே வாந்தி, அதே மருந்து. தாய்மார்களே, வந்து வந்து போகிற வலிக்குப் பூச்சி மருந்தோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். அது கிட்னி அடைப்பாகவும் இருக்கலாம்.

கிட்னியில் ஊறும் சிறுநீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக நீர்ப்பைக்கு இறங்குகிறது. சில பிள்ளைகளுக்குக் கிட்னியும் குழாயும் சேரும் இடம் பிறவியிலேயே குறுகியிருக்கும். சிலருக்கு அந்த இடத்தை ஓர் இரத்தக் குழாய் அழுத்திக்கொண்டிருக்கும். லயத்துக் கால்வாய் அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்குகிறதல்லவா? அதே போல் சிறுநீர் தேங்கி, கிட்னி வீங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிறது.

"ஒன்னுக்கு நல்லாத்தானே போறான்" என்று நாம் ஏமாறுவது இங்கேதான். ஒரு கிட்னி கெட்டாலும் மற்றது வேலை செய்யும். இரத்தப் பரிசோதனைகூட சரியாகவே இருக்கலாம்.

அடையாளங்கள் இவை: விலாப்பக்கம் வலித்து வாந்தி வருவது, முக்கியமாக நிறையத் தண்ணீர் குடித்த பின், சளி இருமல் இல்லாத காய்ச்சல், லேசாக விழுந்து அடிபட்டதற்கே சிறுநீரில் இரத்தம், கைக்குழந்தையின் வயிற்றில் கட்டி போன்ற வீக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் கேளுங்கள்: "ஒன்னுக்கு டெஸ்ட் எடுக்கணுமா? கிட்னியை ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாமா?" கேட்பது தப்பில்லை, அது நம் உரிமை.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வலி இல்லை, ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. ஆனால் வீக்கம் தெரிந்தாலே அடைப்பு என்று முடிவு கட்டிவிட முடியாது. கர்ப்பத்தில் தெரியும் வீக்கம் பல குழந்தைகளுக்குத் தானே வடிந்துவிடும். எனவே பயப்பட வேண்டாம். கர்ப்பகால ஸ்கேன் தாளைப் பத்திரமாக வைத்திருந்து காட்டுங்கள். பிறந்த முதல் இரண்டு நாளில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவு. அப்போது எடுக்கும் ஸ்கேனில் வீக்கம் தெரியாமலே போகலாம். அதனால்தான் பிறகும் வரச் சொல்கிறார்கள்.

சந்தேகம் நீடித்தால் ரெனோகிராம் என்ற சோதனை உண்டு. நரம்பில் சிறிதளவு கதிர் மருந்து ஏற்றி, பிறகு சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கொடுத்து, கேமராவில் பார்ப்பார்கள். எந்தக் கிட்னி எத்தனை பங்கு வேலை செய்கிறது, சிறுநீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது தெரியும். கோலாலம்பூர், பினாங்கு போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இதற்கு வசதி. அடைப்பு உறுதியானால், குறுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் குழாயைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. 1949 முதல் டாக்டர்கள் கைக்கொண்டுவரும் முறை அது.

ஆகவே நோயைக் கண்டுபிடிக்க ஒரு தடவை போனால் போதாது. நம் குடும்பங்கள் பாதியில் நின்றுவிடுவதும் இங்கேதான். ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு, பஸ் காசும் போச்சு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தரும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான். பிள்ளையின் நோய்க்கு இல்லை. வலி நின்றதும், "இனி எதுக்கு?" என்று தேதியை விட்டுவிடுகிறோம். வலி நின்றாலும் அடைப்பு உள்ளே இருக்கலாம்.

பிள்ளையை ஸ்பெஷலிஸ்டிடம் அழைத்துப் போகும் நாளுக்குச் சம்பளம் வேண்டும் என்பது அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் நம் கோரிக்கையாக வேண்டும். கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், தோழர்களே. அதுவரை காத்திருக்காமல், கொடுத்த தேதிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். சம்பளத்தை மறு மாதம் தேடிக்கொள்ளலாம். போன கிட்னி திரும்பி வராது.