இரும்புக் கரமும் புல்தரையும்

நகரத்துப் பூங்காத் துறைக்குத் தலைமை ஏற்பவர் இரும்புக் கரம் படைத்தவராக இருக்க வேண்டும், பத்துப் பேரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தால் ஓர் ஊஞ்சலைக்கூட நட்டுவிட முடியாது என்ற அபிப்பிராயம் நகர நிர்வாகத்தைப் பற்றிப் பேசுவோரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சாட்சியாக அவர்கள் அழைத்து வருவது, 1934 முதல் 1960 வரை நியூயார்க் மாநகரின் பூங்கா கமிஷனராக வீற்றிருந்த ராபர்ட் மோசஸை. 1936ஆம் ஆண்டின் ஒரே கோடையில் பதினொரு பெரிய நீச்சல் குளங்களைத் திறந்துவைத்த அம்மனிதரின் செயல்திறனை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து பெறப்படும் சித்தாந்தத்தைத்தான் மறுக்கிறேன்.

எல்லாம் ஒரு மனிதரின் சங்கல்பத்தால் நடந்தது என்பது முதல் வாதம். ஐந்து பிரிவுகளாகச் சிதறிக் கிடந்த பூங்கா நிர்வாகத்தை ஒரே துறையாக்கி அவர் கையில் ஒப்படைத்தவர் மேயர் லகார்டியா. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்து நின்றவர்களுக்குக் கூலி கொடுத்து அந்தக் குளங்களை வெட்டுவித்தது ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சர்க்காரின் பணம். வரைபடம் தீட்டியவர்கள் ஏமர் எம்பரி, கில்மோர் கிளார்க் போன்ற நிபுணர்கள். இவ்வளவும் கூடிவந்த வேளையில் முன்னேற்பாட்டுடன் காத்திருந்தது மோசஸின் சாமர்த்தியம். அதற்குமேல் அவருக்குத் தனி உரிமை கொடுப்பது நியாயமன்று.

ஜனங்களின் ஆட்சேபத்துக்குச் செவிகொடுத்தால் காரியம் கெடும் என்பது இரண்டாவது. 1956 ஏப்ரலில், சென்ட்ரல் பார்க்கில் ஓர் உணவு விடுதிக்கு வருவோர் சுமார் எண்பது கார்களை நிறுத்துவதற்காக, தாய்மார் குழந்தைகளை விளையாடவிடும் மரநிழலை அழிக்க முனைந்தார் மோசஸ். இரவோடிரவாக வேலி போடப்பட்டது; விடிந்ததும் மரங்கள் வெட்டுண்டன. குழந்தை வண்டிகளோடு நின்ற தாய்மாரின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன, நீதிமன்றம் தடை விதித்தது, கடைசியில் அவ்விடத்தில் எழுந்தது குழந்தைகளுக்கான விளையாட்டுத்திடல். முதலிலேயே அத்தாய்மாரைக் கூப்பிட்டுப் பேசியிருந்தால், மரங்களும் பிழைத்திருக்கும், கமிஷனரின் கீர்த்தியும் பிழைத்திருக்கும்.

கை கடுமையானாலும் பலன் எல்லோருக்கும் சமமாகவே போய்ச் சேரும் என்பது மூன்றாவது. மோசஸின் சரித்திரத்தை 1974இல் எழுதிய ராபர்ட் கேரோ, 1930களில் அவர் அமைத்த 255 விளையாட்டுத்திடல்களில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹார்லெமுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று என்று கணக்குக் காட்டுகிறார். கேள்வி கேட்பாரில்லாத அதிகாரம், யாரை மறந்தது என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வதில்லை.

கட்டிவைத்தது காலத்துக்கும் நிற்கும் என்பது கடைசி வாதம், எல்லாவற்றிலும் பலவீனமானதும் அதுவே. 6,800 பேர் ஒரே சமயத்தில் நீராடலாம் என்று 1936இல் திறக்கப்பட்ட புரூக்ளினின் மக்காரன் குளம், பராமரிப்பின்றிச் சீரழிந்து 1984இல் மூடப்பட்டு, 2012 வரை வறண்டு கிடந்தது. கல்யாணம் செய்வதற்கு ஒரு நாள் உற்சாகம் போதும். குடித்தனம் நடத்துவதற்கு ஆயுள் முழுவதும் பொறுமை வேண்டும். 1970களில் மாநகரம் சிக்கிய நிதி நெருக்கடி மோசஸின் குற்றமன்று என்பது மெய்யே. ஆயினும், அப்போது புழுதிக்காடாகிப்போன சென்ட்ரல் பார்க்கை மீட்டது மற்றோர் இரும்புக் கரமன்று. 1979இல் அதன் நிர்வாகியான எலிசபெத் பார்லோ ராஜர்ஸும், அடுத்த ஆண்டு தோன்றிய பூங்காப் பராமரிப்பு அமைப்பும் தொடங்கிய நிதானமான சீரமைப்பே அதை மீட்டது. பின்னாளில் பூங்கா 49 வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரர் பொறுப்பாளியாக்கப்பட்டார். குப்பை சேர்ந்தாலும் புல் கருகினாலும் பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்பது அன்றுமுதல் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு வேண்டிய பெரும்பணத்தைச் செல்வர்களின் நன்கொடையிலிருந்து திரட்ட வேண்டியிருந்தது என்பது, பராமரிப்பைப் பொது வரவு செலவுத் திட்டம் எவ்வளவு அலட்சியம் செய்திருந்தது என்பதற்கே அத்தாட்சி.

ஆகவே, உங்கள் ஊர்ப் பூங்காத் துறைக்குப் புதிய தலைவர் வரும்போது, எத்தனை பூங்காக்களைத் திறக்கப்போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். முன்பு திறந்தவற்றில் எத்தனை இன்று குழந்தைகள் ஓடியாடும் நிலையில் உள்ளன, அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் தோட்டக்காரரின் சம்பளத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.