டச்சப் செய்த மூளைப் படம்

சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் ஒரு மூளை ஸ்கேன் படத்தை நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "இனி ஏஐ இதை இன்னும் பளிச்சென்று ஆக்கிவிடும்" என்று குறிப்பு வேறு. முப்பது வருடம் பௌதிகம் நடத்தியவனால் சும்மா இருக்க முடியவில்லை.

எஃப்.எம்.ஆர்.ஐ. மெஷின் கேமரா போலப் படம் எடுப்பதில்லை. ரேடியோ சிக்னலை எண்களாகச் சேகரிக்கிறது. கணக்குப் போட்டுப் படமாக்குவது கம்ப்யூட்டர். ரத்தத்தில் ஆக்ஸிஜன் மாறினால் சிக்னலும் மாறும் என்று 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டினார். அந்த மாற்றம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான்.

சில விநாடிகளுக்குள் மூளை முழுவதையும் பிடிக்க வேண்டும். அதனால் எண்களைக் குறைவாக எடுத்து, மிச்சத்தைக் கணக்கால் நிரப்புகிறார்கள். 1999-இல் வந்த சென்ஸ் முறை, தலையைச் சுற்றியுள்ள காயில்களின் உணர்திறனை அளந்து நிரப்பியது. அதனோடு எனக்குச் சண்டை இல்லை. ஏஐ முறைகள் பலவும் முன்பு பார்த்த படங்களின் பழக்கத்தைக் கொண்டும் நிரப்புகின்றன. வம்பு இங்கேதான்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் நெகடிவில் பென்சில் ஓட்டி அம்மைத் தழும்பை மறைப்பார். பெண் பார்க்க அந்தப் படம் போதும், வைத்தியத்துக்கு ஆகுமா? நூற்றில் ஒரு பங்கைத் தேடும் இடத்தில் "இப்படித்தான் இருக்கும்" என்று வழவழப்பாக்கினால், இருப்பது அழியலாம், இல்லாதது முளைக்கலாம். உள்ளே போகும் எண்களில் சிறு பிசகு இருந்தாலே சில ஏஐ முறைகளின் படம் பெரிதாகக் கெடுகிறது என்று 2020-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

2009-இல் செத்த சால்மன் மீனை ஸ்கேன் செய்தபோது அதன் மூளையிலும் புள்ளி ஒளிர்ந்தது! அது புள்ளியியல் திருத்தம் செய்யாததால் வந்த கோளாறு, படமாக்கும் முறையின் தவறல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே: ஒளிரும் புள்ளி சாட்சி ஆகாது.

"வேகம் வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும்தான். நம் வயதில் அந்தக் குழாய்க்குள் அசையாமல் கிடப்பது எவ்வளவு சிரமம்! ஆனால் மூளைக் கட்டியை அறுக்கும் முன், பேச்சுக்கான இடம் எது, கைக்கான இடம் எது என்று இந்தப் படத்தில்தான் பார்க்கிறார்கள். புள்ளி தவறினால் போவது ஒருவரின் பேச்சு.

ஆகவே நான் கேட்பது மூன்றே. மெஷின் எடுத்த மூல எண்களை அழிக்காமல் வையுங்கள். பழைய கணக்கிலும் படமாக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். அதே ஆளை மறுபடி ஸ்கேன் செய்தால் அதே இடம் ஒளிர்கிறதா என்று சோதியுங்கள். அதில் தேறினால்தான் முன்னேற்றம். மற்றதெல்லாம் டச்சப்.