ஒரு குவார்ட்டர் கணக்கு

வெளியூரில் போய் 'பாண்டிச்சேரி' என்று சொல்லிப் பாருங்க. அடுத்த கேள்வி சரக்கு விலை பற்றித்தான் வரும். சென்னைக்கு இன்டர்ன்ஷிப் போன முதல் நாளே என்னிடம் கேட்டார்கள்: "மச்சி, ஊருக்குப் போனா ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வருவியா?" நானும் சிரித்தேன். இப்போ அந்தச் சிரிப்பு வரமாட்டேங்குது. காரணம் என் மாமா.

மாமா ரோட்டில் விழுந்து கிடந்தவர் இல்லை. வேலைக்கு லீவு போட்டவரும் இல்லை. சாயங்காலம் ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதானை' ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 61 கிராம். நல்ல கல்லீரலே மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் உடைக்கும். ஆக, மாமா தூங்கின பிறகும் விடிய விடிய அதுக்கு ஓவர்டைம். மோர், எலுமிச்சை, பிளாக் காபி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ஒரே கவுண்டர் இருக்கிற நம்ம கேன்டீன் மாதிரிதான், வரிசை நீளும், டோக்கன் வேகமாகக் கிழியாது. "நான் பீர் மட்டும்தான்" என்பவர்களுக்கு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ரெண்டு அடித்தால் குவார்ட்டரைத் தாண்டிட்டீங்க.

கல்லீரல் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. வலது விலா எலும்புக்குக் கீழே இருக்கு. குடல் உறிஞ்சுவதைச் சுமந்து வரும் ரத்தம் முதலில் அதன் வழியாகத்தான் போகணும். அங்கே ஆல்கஹால் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற விஷம் உண்டாகிறது. முதலில் கொழுப்பு படியும், அப்புறம் வீக்கம், அப்புறம் தழும்பு. இதில் எனக்குக் கோபம் வர வைக்கிற விஷயம், கல்லீரலுக்குள் வலி உணரும் நரம்பு கிடையாது. மேலுறையில் மட்டும்தான். சொத்தைப் பல்லுக்கு இருக்கிற அலாரம்கூட இதுக்கு இல்லை.

மாமாவுக்குக் கண் மஞ்சளானப்போ வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அவர் காலையில் அதையும் குடித்தார், சாயங்காலம் இதையும் குடித்தார். பிறகு கால் வீங்கியது, வயிறு உப்பியது. ஒருநாள் ரத்த வாந்தி. டாக்டர் சிரோசிஸ் என்றார். கல்லீரல் தழும்பாகி இறுகிவிட்டதால் ரத்தம் உள்ளே போக முடியாமல் பின்னால் தேங்கி, உணவுக்குழாயில் இருக்கிற ரத்தக்குழாய்கள் புடைத்து வெடித்திருக்கு. குழாய் அடைத்தால் பின்னால் அழுத்தம் ஏறும் என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அத்தை "ஏன்டா இப்படி ஆச்சு"ன்னு கேட்டப்போ ஒரு வார்த்தை வரல.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. பாதிக்கப்பட்டவர்களை நம்ம ஜிப்மருக்கும் கொண்டு வந்தார்கள். நாடே பேசியது, பேசத்தான் வேணும். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டி, வரி கட்டி, பில்லோடு வாங்கின பாட்டிலால் ஒவ்வொருத்தராகப் போகிறவர்களுக்கு பிரேக்கிங் நியூஸ் கிடையாது. கலால் வரியை நம்பி பட்ஜெட் போடும் ஊர் இது. அரசு தானாக மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். தமிழ்நாட்டில் 21 வயசு ஆகணும், இங்கே 18 போதும். பிளேஸ்மென்ட் வந்தால் ட்ரீட், அரியர் கிளியர் ஆனால் ட்ரீட், லவ் புட்டுக்கிட்டாலும் ட்ரீட். குடிக்கிற எல்லாருக்கும் சிரோசிஸ் வராது, உண்மைதான். யாருக்கு வரும்னு முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. கொழுப்பு படிகிற கட்டத்திலேயே நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகத் தொடங்கிவிடும், நம்ம வயசில் அந்த வாய்ப்பு நிறையவே இருக்கு. அடுத்த மாதம் ஃபேர்வெல். குறைந்தபட்சம், "எனக்கு வேணாம்டா" என்பவனை "பாப்பாவா நீ" என்று கேட்காமல் இருப்போமா?

மாமாவுக்கு இப்போ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றுத் தண்ணீர் எடுக்கணும். போன தடவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அவர் வழக்கமாக வாங்கும் கடையைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.